ஏழு பேர் வண்டியும் ஒரு மஞ்சள் விளக்கும்

கார் வாங்கச் செல்வோரிடம் விற்பனையாளர் முதலில் கேட்கும் கேள்வி, "வீட்டில் எத்தனை பேர்?" என்பதாகும். கேள்வி எளியது; விடை அத்தனை எளியதன்று. வீடு என்றால் நாள்தோறும் ஒரே கூரையின்கீழ் உறங்குவோர் மட்டுமா, அல்லது பெருநாளன்று ஒரே விரிப்பில் அமர்ந்து உண்போர் அனைவருமா? மதுரையில் நாங்கள் ஐவர். கீழக்கரையில் இருக்கும் உம்மாவையும், அவர்களுக்குத் துணையாக இருக்கும் ராத்தாவையும் சேர்த்தால் எழுவர். 2021-ஆம் ஆண்டில் அக்கேள்விக்கு நாங்கள் "ஏழு" என்று விடை கூறினோம். அந்த ஒரு சொல் வண்டியின் நீளத்தையும் விலையையும் எரிபொருளையும் தீர்மானித்துவிட்டது.

வண்டியின் பெயரையும் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடப் போவதில்லை. இவ்வகை வண்டி எதை வைத்திருப்போருக்கும் இவ்வனுபவங்கள் பெரும்பாலும் பொதுவானவை.

இவ்வகை என்பது யாது? பழைய ஜீப்புக்கு ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். உடற்பகுதியை அதன்மேல் தூக்கி வைத்து முடுக்கியிருப்பார்கள். காருக்கோ தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். காரின் இந்த உடலமைப்பையும் ஜீப்பின் உயரத்தையும் சேர்த்துச் செய்ததே 'கிராஸ்ஓவர்' எனப்படும் கலப்பினம். ஜப்பானின் டொயோட்டா 1994-இல் ராவ்-4 என்ற வண்டியையும், ஹோண்டா அடுத்த ஆண்டில் சி.ஆர்.வி. என்ற வண்டியையும் வெளியிட்டபின் உலகெங்கும் இது பரவிற்று. நம் நாட்டில் 2011-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யு.வி. 500, எழுவர் அமரும் கிராஸ்ஓவரைப் பல குடும்பங்களுக்கு அறிமுகம் செய்தது. எங்களுடையது அதுவன்று, ஆயினும் அதன் வழிவந்த கூட்டத்தைச் சேர்ந்ததே.

உயரத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். உம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்ந்த காரில் அவர்கள் ஏறுவது கிணற்றில் இறங்குவது போன்றது. இறங்குவதோ கிணற்றிலிருந்து ஏறுவது போன்றது. ஜீப்பில் ஏறவோ படி வைக்க வேண்டும். இந்த வண்டியின் இருக்கை அவர்கள் இடுப்பின் மட்டத்திலேயே இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, கால்களை உள்ளே எடுத்து வைத்தால் போதும். வண்டியைப் பற்றிய விளம்பரங்களில் மலையும் ஆறும் பாலைவனமும் வருகின்றன. ஒரு மூதாட்டி எவர் கையையும் பிடிக்காமல் ஏறி அமரும் காட்சியை நாங்கள் எதிலும் கண்டதில்லை. எங்களைக் கேட்டால் விளம்பரத்துக்கு உரியது அதுதான் என்போம்.

அந்த வசதி இரண்டாம் வரிசையோடு முடிந்துவிடுகிறது. மூன்றாம் வரிசைக்குச் செல்ல நடு இருக்கையை மடக்கித் தள்ளி, உடலைக் குறுக்கி, இடுக்கு வழியே நுழைய வேண்டும். பின்சக்கரங்களின் அச்சும் வில்லும் அடியில் இருப்பதால் அங்கே தளம் உயர்ந்திருக்கும், இருக்கையோ தாழ்ந்திருக்கும். அமர்ந்தால் முழங்கால் மார்பைத் தொடும். குளிர்காற்று அங்கே போய்ச் சேர்வதற்குள் ஊர் பாதி வந்துவிடும். விற்பனைக் கூடத்தில் பிள்ளைகள் ஆசையோடு ஓடி அமர்ந்த இடம் அது. பரமக்குடி வரை பயணம் செய்தபின் அந்த ஆசை அவர்களிடம் இல்லை.

எழுவர் அமரும் வண்டி என்றால், அந்த ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் யார் என்ற கேள்வி ஒவ்வொரு பயணத்திலும் எழுகிறது. எங்கள் வீட்டில் அது கேள்வியாக எழவே இல்லை. அதுதான் எங்களை உறுத்திற்று. முதல் பயணத்திலேயே ராத்தா எவரும் சொல்லாமல் பின்னால் ஏறிவிட்டார்கள். "எனக்கு இதுதான் வசதி" என்றும் சொன்னார்கள். இரண்டாம் பயணத்திலும் அவ்வாறே. பந்தியில் கடைசியாக உண்பவர், கல்யாண வீட்டில் அடுப்பங்கரையிலேயே நிற்பவர், வண்டியிலும் கடைசி வரிசையில்! மூன்றாம் பயணத்தில் நாங்கள் ஒரு முறை வகுத்தோம்: எங்கள் இருவரில் அப்போது ஓட்டாதவர் எவரோ அவரே பின்னால், உடன் பிள்ளைகளில் ஒருவர். ராத்தா நடுவரிசைச் சன்னலோரம். மானாமதுரை வரை அவர்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். பிறகு சன்னல் வழியே பார்க்கத் தொடங்கினார்கள்.

கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்தபின்தான் வேறொன்றும் புலப்பட்டது. தலைக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளியில் பின்கதவின் கண்ணாடி. இவ்வகை வண்டியை வாங்க நினைப்போர், பக்கவாட்டுக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா, அங்கே தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா என்று கேட்டறிவது நல்லது. மேற்கூரைத் திறப்பைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். இதைக் கேட்போர் அரியர். அக்கூரைத் திறப்பின் வழியே பிள்ளைகளை நிற்கவைத்து நெடுஞ்சாலையில் விரைவோரைக் காணுந்தோறும் எங்களுக்கு உடல் நடுங்குகிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. கூரைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு எந்தப் பெல்ட்?

சுமையைப் பற்றியும் ஒரு சொல். எழுவரும் அமர்ந்துவிட்டால் பின்னால் இரண்டு பைகளுக்கே இடமுண்டு. அதனினும் பெரிய சங்கடம், இவ்வண்டியில் டிக்கி என்று தனியறை இல்லாமை. அம்பாசடர் காரில் கருவாடு டிக்கியில் வரும். நாம் உள்ளே வருவோம். இதில் கருவாடும் நாமும் ஒரே அறைவாசிகள். கீழக்கரையிலிருந்து உம்மா கட்டிக்கொடுக்கும் தொதலும் பனங்கிழங்கும் மணத்தால் எவரையும் துன்புறுத்துவதில்லை. கருவாடோ மூன்று உறைகளுக்குள் சுற்றியும் மதுரை வந்தபின் ஒரு வாரம் வண்டியை விட்டு நீங்குவதில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும்போது அவர்களுடைய தோழர்கள் மூக்கைச் சுளித்ததாகப் புகார் வந்தது. கருவாட்டைக் கொண்டுவருவதை நாங்கள் நிறுத்தவில்லை.

இனி அந்த மஞ்சள் விளக்கு.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகை விதி நடப்பிலுள்ளது. ஐந்தாம் படியைத் தாண்டி நான்கிலிருந்து நேராக ஆறுக்குத் தாவினோம். டீசல் கார் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம் என்றிருந்ததை இவ்விதி 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. டீசலில் இருக்கும் கந்தகமும் பத்து இலட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இவ்வரம்புக்குள் நிற்பதற்காகப் புகைக்குழாயின் வழியில் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்றைப் பொருத்துகிறார்கள். புகையிலுள்ள கரி அதன் நுண்ணிய சுவர்களில் படிந்துகொள்கிறது. படிந்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது அந்த வெப்பநிலையை எட்டுவது எளிது. போதாதபோது வண்டியே கூடுதலாகச் சிறிது டீசலைச் செலுத்தி வெப்பத்தை ஏற்றிக்கொள்ளும். இடையில் எஞ்சினை நிறுத்திவிட்டால் வேலை அரைகுறையாக நின்றுவிடும். இப்படிப் பலமுறை நின்றால், எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயோடு கலந்து எண்ணெயின் மட்டம் உயர்வதும் உண்டு.

எங்கள் அன்றாட ஓட்டம் யாது? வீட்டிலிருந்து பள்ளி நான்கு கிலோமீட்டர். பள்ளியிலிருந்து கடைத்தெரு இரண்டு கிலோமீட்டர். மாலையில் மறுபடி அதே. எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும். வண்டி கரியை எரிக்கத் தொடங்கும் நேரத்தில் நாங்கள் வாயிலுக்கு வந்து சாவியைத் திருப்பிவிடுவோம். நிறுத்திய பிறகும் முன்னாலிருக்கும் மின்விசிறி இரைந்து சுற்றும். காய்ந்த இரும்பின் வாடை வரும். அண்டை வீட்டார் ஒருவர் வண்டி கொதிக்கிறது என்று வாளியில் தண்ணீரோடு வந்துவிட்டார்.

ஒருநாள் விளக்கு எரிந்தது. காட்டிய பணிமனையில் வடிகட்டியையே மாற்ற வேண்டும், ஒரு இலட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வேறொரு முதிய மெக்கானிக்கிடம் சென்றோம். அவர் கருவியைச் செருகிப் படித்துவிட்டு, "பாய், பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போனா இந்த வண்டி இப்படித்தான் அடைச்சுக்கும். ராமநாதபுரம் ரோட்டுல ஏறி, நாலாவது கியர்லயே அரை மணி நேரம் நிறுத்தாம ஓட்டுங்க. அணையலைன்னா அப்புறம் வாங்க" என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை மாலை. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திருப்புவனம் கடந்து மானாமதுரையை நெருங்கும்போது விளக்கு அணைந்தது. வந்த வேலை முடிந்தது, திரும்பிவிடலாம். மறுநாள் ஓட்டும் பிள்ளைகளின் பாடமும் எங்கள் அலுவல்களும் மதுரையில் காத்திருந்தன. சாலையோரத் தேநீர்க் கடையில் நின்று யோசித்தோம். இன்னும் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் கீழக்கரை. பிள்ளைகள் கைப்பேசியில் உம்மாவை அழைத்தேவிட்டார்கள்.

அதுவரை ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஊர் செல்வது எங்கள் வழக்கம். பெருநாள், கோடை விடுமுறை, யாரேனும் வீட்டுத் திருமணம். அறிவிப்போடு செல்வோம்; ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறுமாக விருந்து நடக்கும். இப்போது ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை விளக்கு எரிகிறது. ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் போய் இறங்குகிறோம். இரண்டாம் முறை சென்றபோது உம்மா மகிழ்ச்சியோடு கவலையும் கொண்டார்கள். "என்ன வாப்பா, போன மாசந்தானே வந்திய? ஏதும் மனக்கஷ்டமா?" என்று தனியே அழைத்துக் கேட்டார்கள். வண்டியில் கரி அடைத்துக்கொள்வதையும், நெடுந்தூரம் ஓட்டினால் அது எரிந்து போவதையும் விளக்கினோம். அவர்களுக்கு அது புரிந்ததோ இல்லையோ, விளக்கு எரிந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்பது புரிந்துவிட்டது. அதன்பின் தொலைபேசியில் நலம் விசாரித்தபின் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "விளக்கு எரிஞ்சுச்சா?" என்பதே.

அறிவிப்பின்றிச் செல்வதில் ஒரு வேறுபாட்டைக் கண்டோம். விருந்து இல்லை. இரவில் கஞ்சியும் துவையலும் இருந்தன. ராத்தா மாத்திரை டப்பாவை எடுத்து உம்மாவுக்குக் கொடுக்கும்போது உடன் இருந்தோம். இரத்த அழுத்த மாத்திரை ஒன்று பத்து நாளாக இல்லாதிருந்ததை அப்படித்தான் அறிந்தோம். பெருநாள் வருகைகளில் டப்பா அலமாரிக்குள் இருக்கும். தெரு மிகக் குறுகியதாதலால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அவர்கள் எத்தனை இடத்தில் நின்று நின்று நடக்கிறார்கள் என்பதையும் எண்ண முடிந்தது.

கணக்குப் பார்த்தால் இது நகைப்புக்குரிய செயல். போக வர ஏறத்தாழ 265 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் எங்கள் வண்டி லிட்டருக்குப் பதினேழு தருகிறது. ஆக, பதினாறு லிட்டர் டீசல், ஆயிரத்தைந்நூறு ரூபாய், அதன்மேல் சுங்கச்சாவடிக் கட்டணம். இத்தனையும் சில கிராம் கரியை எரிப்பதற்கு! நகரத்தாரின் நுரையீரலைக் காப்பதற்கென வந்த விதி அது, நல்ல விதியே. பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அங்கிருந்து இராமநாதபுரம் வரையிலான 46.7 கிலோமீட்டரையும் நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது.

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இத்தகைய வண்டிகளுக்கு வரியும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 50 விழுக்காடாக இருந்தது நீங்கி, 40 விழுக்காடு வரி மட்டும் என்றாயிற்று. அதுமுதல் பழைய வண்டியை மாற்றிக்கொள்ளும்படி விற்பனையாளர்கள் அழைக்கிறார்கள். பெட்ரோலும் மின்கலமும் சேர்ந்து இயங்கும் வண்டி ஒன்றை அண்மையில் பார்த்தோம். நகரத்தில் எங்கள் வண்டியினும் மிகுதியாக மைலேஜ் தருமாம். மூத்த பையன் மூன்றாம் வரிசையில் ஏறி அமர்ந்து, முழங்கால் இன்னும் மார்பைத்தான் தொடுகிறது என்று அறிவித்தான். ராத்தாவுக்கான சன்னலோரம் அகலமாகவே இருக்கிறது. நடு இருக்கையின் உயரத்தை எங்களில் ஒருவர் சாணால் அளந்தார். உம்மாவுக்குச் சரியாக இருக்கும்.

"பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓட்டினாலும் இதில் அந்த மஞ்சள் விளக்குத் தொல்லையே இல்லை" என்று விற்பனையாளர் பெருமையோடு சொன்னார். விலையைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறோம். அந்தச் செய்தியை உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று அவர்கள் தொலைபேசியில் வழக்கம்போல் கேட்டார்கள். இன்னும் எரியவில்லை என்றோம்; வெள்ளிக்கிழமை மாலை வருகிறோம் என்றும் சொன்னோம்.