காலடிச் சத்தம் கேட்கணும்ப்பா!

“காலடிச் சத்தம் கேட்கணும்ப்பா. அவ்வளவுதான்.”

பிளஸ் ஒன் படிக்கும் மகன் புது ஹெட்செட் கேட்டதற்குச் சொன்ன காரணம் இது. “எவன் காலடிச் சத்தம்டா?” என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார். பதினாறு வயதுப் பையன் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறான் என்றால் எந்த அப்பாவுக்கும் ஒரு கணம் வேறு மாதிரிதான் தோன்றும். பையன் சிரித்துவிட்டு கம்ப்யூட்டரைக் காட்டினான்.

கோவை மாவட்டம் சோமனூரில் இருக்கிறது இந்த வீடு. அப்பா விசைத்தறித் தொழிலாளி. பதினேழு வயதில் தறிக்குடோனுக்குள் நுழைந்தவர், இப்போது 26 வருடம் ஆகிறது. ஊரடங்குக் காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் அது தம்பியின் சொத்தாகிவிட்டது. அதில் அவன் விளையாடுவது ‘வேலரன்ட்’. 2020-ல் வந்த துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. காசு கட்ட வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அணிக்கு ஐந்து பேர்.

இந்த விளையாட்டில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். எதிராளி சுவருக்குப் பின்னால் வருகிறான். திரையில் அவன் தெரியமாட்டான். ஓடி வந்தால் காலடி கேட்கும். இடப்பக்கமா வலப்பக்கமா, கிட்டேயா தூரத்திலா என்று அரை நொடியில் தெரிந்தால் பிழைத்தான். தெரியாவிட்டால் அந்தச் சுற்று முடிகிறவரை மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பையனிடம் இருந்தது போனோடு வந்த இயர்போன். அதில் இடப்பக்கம் செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு காதை வைத்துக்கொண்டு திசை பார்க்க முடியாது. வலப்பக்கம் இருந்து வரும் சத்தம் வலது காதுக்கு முதலில் வந்து சேர்கிறது. இடது காதுக்குச் சேர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாகிறது. அந்தத் துக்கடா வித்தியாசத்தையும், எந்தக் காதில் சத்தம் கூட இருக்கிறது என்பதையும் வைத்து மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. ஒரு காது போனால் கணக்கும் போச்சு.

“ரெண்டு காதும் இருக்கிற உங்கப்பாவே நான் கூப்பிட்டாத் திரும்பறதில்ல. உனக்கு எதுக்குடா ஹெட்செட்டு?” என்றார் அடுப்படியில் இருந்து அம்மா. அப்பாவுக்கு அது கேட்கவில்லை. பையன்தான் எடுத்துச் சொன்னான்.

தீபாவளி போனஸில் 3,000 ரூபாய் இதற்கு என்று ஒதுக்கப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் பஸ் ஏறி காந்திபுரம் போனார்கள்.

கடையில் முதலில் கண்ணில் பட்டது, பச்சையும் சிவப்புமாக விளக்கு எரியும் ஹெட்செட்கள். 5,500 ரூபாயில் ஒன்றைப் பையன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான். தலையில் மாட்டிக்கொண்ட பிறகு அந்த விளக்கு ஆடுகிறவன் கண்ணுக்கே தெரியாது என்பதை அப்பாதான் சொன்னார். அடுத்து, அட்டைப் பெட்டியில் ‘7.1’ என்று போட்டிருந்த ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். ஏழு ஸ்பீக்கர் இருப்பதுபோல் ஒலிக்குமாம். பெரும்பாலானவற்றில் ஒரு காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும், மீதி எல்லாம் மென்பொருள் செய்கிற வித்தை. திசையைப் பிரித்துக் கொடுக்கும் வசதி வேலரன்டிலேயே இருக்கிறது. அதன்மேல் ஹெட்செட்டின் வித்தையையும் ஏற்றினால் சத்தம் குழம்பிப் போகும்.

கடைக்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டினார். மேளம் நெஞ்சில் இடித்தது. “பேஸ் பாருங்க தம்பி!” என்றார். பாட்டுக்கு அது சரி. விளையாட்டில் அடித்தொனி வீங்கிக் கிடந்தால் குண்டு வெடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு காலடியை விழுங்கிவிடும். பையன் தயாராகத்தான் வந்திருந்தான். தன் ஆட்டத்தைப் பதிவு செய்த வீடியோ ஒன்று போனில் இருந்தது. “இதைப் போட்டுக் கேக்கறேங்கண்ணா” என்றான். ஹெட்செட் வாங்கப் போகிற யாரும் இதைச் செய்யலாம். எதற்காக வாங்குகிறோமோ அந்தச் சத்தத்தையே கொண்டுபோய்க் கேட்டுப் பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை.

ஒயர் இல்லாத புளூடூத் ஹெட்செட் அழகாக இருந்தது. ஆனால் போனில் ஒரு சிறு விளையாட்டை ஓடவிட்டு, சுடுகிற பொத்தானைத் தட்டினால் வெடி கொஞ்சம் பிந்திக் கேட்டது. சாதாரண புளூடூத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தாமதம் சகஜம். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது, ஆடுகிறவனுக்கு அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். போதாக்குறைக்கு, மைக்கில் பேச ஆரம்பித்தால் பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்களில் சத்தத்தின் தரம் டெலிபோன் அளவுக்கு இறங்கிவிடும். யுஎஸ்பி குச்சியோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. விலைதான் போனஸைத் தாண்டியது. ஆக, ஒயர்தான்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த அப்பா உள்ளே வந்தது காதுறையைப் பார்க்கும்போதுதான். ரெக்சின் போல் இருந்ததை விரலால் தேய்த்தார், மடிப்பைப் பிரித்தார், தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணிக்காரர் கண். “சித்திரை வெயிலுக்கு இது வேர்த்து ஊத்தும். ஒரே வருசத்துல உரிஞ்சு சட்டையெல்லாம் கருப்பாக் கொட்டும். துணியில போட்டது இருந்தா எடுங்க” என்றார். காதைச் சுற்றி முழுதாக உட்காருகிறதா, கண்ணாடிக் கம்பியை அழுத்துகிறதா, கால் மணி நேரம் மாட்டினால் பொட்டு வலிக்கிறதா என்று பையன் தலையை வைத்தே சோதித்தார். விளம்பரத்தில் போடும் எந்த எண்ணையும்விட இது முக்கியம்.

மூன்று ஹெட்செட்கள் மேசையில் மிஞ்சின. “நீங்களும் கேட்டுப் பாருங்கப்பா” என்று பையன் ஒன்றை அவர் தலையில் மாட்டினான். வீடியோ ஓடியது.

“துப்பாக்கி நல்லாக் கேக்குது.”

“காலடி, எந்தப் பக்கம் வருதுப்பா?”

“காலடியா? துப்பாக்கி மட்டுந்தானேடா சுடுது.”

பையன் வால்யூமை ஏற்றினான். மறுபடி ஓட்டினான். அப்பா உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரர் வாங்கி மாட்டிப் பார்த்து, “இடப்பக்கம் ஓடியாறான், நல்லாத்தானே கேக்குதுங்க” என்றார். பையன் எதுவும் சொல்லவில்லை. இத்தனை நாள் அப்பா கவனிக்காமல் இருக்கிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

தறிக்குடோனுக்குள் போனவர்களுக்குத் தெரியும். நாடா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடிபடும் சத்தம் ஒரு தறிக்கே காதைப் பிளக்கும். இருபது தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவரிடம் பேச முடியாது, கைஜாடைதான். அப்படிப்பட்ட சத்தத்தில் வருடக்கணக்கில் நிற்பவர்களுக்குக் காது ஒரேயடியாக அடைபடுவதில்லை. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிற மேல்தொனிதான் முதலில் போகும். ஆண் குரல் கேட்கும், லாரி ஹாரன் கேட்கும். பேச்சில் வரும் ‘ச’, ‘ஸ்’ போன்ற மெல்லிய எழுத்துகளும், குழந்தை கீச்சென்று கூப்பிடுவதும் நழுவிப் போகும். அதனால் ‘சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் தெரியல’ என்று நிற்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவே ஒன்று சொன்னார். ராத்திரி படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துமாம். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார்.

ஆனால் பஸ் ஏறுவதற்கு முன்பே, கடையிலேயே, பையன் கேட்ட கேள்வி மாறிவிட்டிருந்தது. “இதுல வெளிச் சத்தத்த நல்லாத் தடுக்கிறது எதுங்கண்ணா?”

சரியான கேள்வி. ஹெட்செட் எவ்வளவு சத்தமாகப் பாடும் என்று பார்த்து வாங்குகிறவர்கள் அதிகம். எவ்வளவு குறைத்து வைத்தும் வேண்டியது கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்துக் குடோன் தறிச்சத்தம் சுவர் வழியாக வரும் வீட்டில், காதுறை ஓட்டையாக இருந்தால் அந்தச் சத்தத்தை அமுக்குவதற்காகவே வால்யூம் ஏறும். அமைதியான வீடாக இருந்தால், பின்பக்கம் வலை வைத்துத் திறந்திருக்கும் வகை நல்லது. சத்தம் இயல்பாக விரியும், அம்மா கூப்பிட்டாலும் கேட்கும். சோமனூரில் அது ஆகாது. மூன்றையும் ஒரே போனில் மாற்றி மாற்றிச் செருகி, கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே காலடி தெளிவாகக் கேட்கும்வரை மட்டும் வால்யூமை ஏற்றிப் பார்த்தான். ஒன்றுக்குப் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தது. இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கே போதும். பின்பக்கம் மூடியது, துணிக் காதுறை, கழற்றி மாட்டும் மைக். 2,400 ரூபாய். பழைய கம்ப்யூட்டரில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஓட்டை என்பதால் இரண்டாகப் பிரியும் சின்ன ஒயர் ஒன்றும் வாங்கினார்கள். இதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய், மைக் வேலை செய்யவில்லை என்று கடைக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

கணக்கு ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட வரையறைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். பிள்ளைகளுக்கு 78 என்றால் 20 மணி நேரம், 81 என்றால் 10. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் வாரம் 14 ஆகிவிடுகிறது. 2024-ல் ‘பிஎம்ஜே பப்ளிக் ஹெல்த்’ இதழ், 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்றை வெளியிட்டது. வீடியோ கேம் ஆடுபவர்கள் கேட்கும் சத்தம் பல நேரம் பாதுகாப்பான எல்லையை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது என்றது அது.

துப்பாக்கி விளையாட்டில் ஆபத்து கொஞ்சம் கூடுதல். காலடி மெல்லிய சத்தம். அதைக் கேட்பதற்காக வால்யூமை ஏற்றி வைத்து, காதைக் கூர்மையாக்கி உட்கார்ந்திருக்கும்போது அதே வால்யூமில் வெடியும் வந்து அறைகிறது. விண்டோஸில் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் ‘லவுட்னஸ் ஈக்வலைசேஷன்’ என்ற வசதி பல கம்ப்யூட்டர்களில் இருக்கும். பையன் அதைப் போட்டான். தூரத்துக் காலடியும் கிட்டே வருவதுபோல் ஏமாற்றுகிறது என்று முதல் இரண்டு நாள் புலம்பினான். பிறகு பழகிவிட்டது. வால்யூம் 35-ஐத் தாண்டுவதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போய் வருகிறான். ஆடி முடித்ததும் காதில் ‘ங்…’ என்று கேட்டால் உடனே சொல்ல வேண்டும் என்பது அப்பா போட்ட ஒரே நிபந்தனை.

கார்த்திகையில் பையனே அப்பாவைக் கூட்டிக்கொண்டு கோவையில் காது பரிசோதனைக்குப் போனான். கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பா ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்க, பையன் வெளியே இருந்து பார்த்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு கை தூக்கப்படவே இல்லை. படத்தில் கோடு சமமாகப் போய் 4,000 பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. “இது திரும்ப ஏறுங்களா?” என்று கேட்டான். உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மீண்டும் முளைக்காது என்றார் பரிசோதித்தவர். இருப்பதைக் காப்பாற்றலாம், காதுக் கருவி வைத்தால் பேச்சு தெளியும்.

இரண்டு காதுக்கும் கருவியின் விலை ஹெட்செட்டைப் போலப் பல மடங்கு. தை பிறக்கட்டும் என்று அப்பா தள்ளிப்போட்டிருக்கிறார். அதற்குள் நுரை அடைப்பான் வந்துவிட்டது. இத்தனை வருடம் காதில் வைத்த பஞ்சு பெரிதாக எதையும் தடுக்கவில்லை என்று தெரிந்ததில் அவருக்கு வருத்தம்தான். “தறி ஓட்டம் மாறுனா காதுதானடா மொதல்ல சொல்லும், அதையும் அடைச்சா எப்படி?” என்று ஒரு வாரம் தயங்கினார். இப்போது போட்டுக்கொண்டு போகிறார். ஓட்டம் மாறினால் அப்போதும் தெரிகிறதாம்.

அம்மா இப்போதெல்லாம் சாப்பிட வரச் சொல்லிக் கத்துவதில்லை. வாசல் பக்கம் இருக்கும் சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் போடுகிறார். மகனும் திரும்புகிறான், அப்பாவும் திரும்புகிறார்.