நுங்கம்பாக்கத்துக் கல்தூண்

கைப்பேசி வரைபடத்தில் சென்னையைத் தொட்டுப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும்: 13.08, 80.27.

முதலாவது அட்சரேகை. பழைய மாலுமிகளுக்கு அது எளிது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. சென்னையில் வெறும் 13. அதனால்தான் இங்கே அது அவ்வளவு தாழ்வாகத் தெரிகிறது.

இரண்டாவது எண்தான் எத்தனையோ கப்பல்களை விழுங்கியது. பூமி சுழன்றுகொண்டே இருப்பதால், தீர்க்கரேகையைச் சொல்ல எந்த நட்சத்திரமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். இரண்டு இடங்களின் நேரம் ஒரு மணி நேரம் வேறுபட்டால் 15 டிகிரி, 4 நிமிடம் வேறுபட்டால் 1 டிகிரி. புறப்பட்ட ஊரின் நேரத்தை நடுக்கடலிலும் பிசகாமல் காட்டும் கடிகாரம் இருந்தால் போதும். ஆனால் அன்று அப்படி ஒன்று இல்லை! 1714இல் பிரிட்டன் 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. அந்தக் கடிகாரத்தைச் செய்தவர் ஜான் ஹாரிசன் என்ற தச்சர். வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இந்தக் கதையில் நம் ஊரும் இருக்கிறது. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில், மெட்ராஸ் வானாய்வகத்தின் கருவியைத் தாங்கிய 1792ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் நிற்கிறது. நில அளவையாளர் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலை அருகே தொடங்கிய மாபெரும் நில அளவைக்கு அந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகைதான் ஆதாரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்திய ‘மெட்ராஸ் நேரம்’தான் இந்திய ரயில்களை ஓட்டியது.

1906இல் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் வந்தது. அதனால் இன்று சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது, சராசரியாக, 12 மணி 9 நிமிடத்துக்கு.