புல் தடுக்கிய மழை!

ஊட்டியில் நண்பனின் கல்யாணம். அங்கிருந்து மைசூருக்கு பஸ், மைசூரில் ரயில், திங்கட்கிழமை காலை ஆபீஸில் நல்ல பிள்ளையாக ஆஜர் என்பது என் திட்டம். பஸ்ஸுக்கு வேறு திட்டம் இருந்தது. பந்திப்பூர் காட்டில் யானைகளுக்கெல்லாம் மரியாதையாக வழிவிட்டு வந்த வண்டி, குண்டலுப்பேட்டையை நெருங்கும்போது 'புஸ்ஸ்' என்று உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னியும் பஞ்சர்! "அரைமணி நேரம் சார்" என்றார் கண்டக்டர். அந்த அரைமணியின் லட்சணம் உங்களுக்கே தெரியும்.

அப்போதுதான் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. காலாற நடந்தேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சரிவான செம்மண் காடுகள். ஒரு காட்டிலிருந்து வாய்க்காலில் இறங்கிய தண்ணீர், ரத்தம் மாதிரி ஓடியது. பக்கத்துக் காட்டிலிருந்து வந்த தண்ணீரோ கிட்டத்தட்டத் தெளிவு. ஒரே மழை, ஒரே மண், எப்படி இரண்டு கலர்?

வித்தியாசம் என்று கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது காட்டின் குறுக்கே, வேலி மாதிரி நெருக்கமாக, ஆளுயரத்துக்கு ஒரு புல் வரிசை. வரிசைக்கு மேல்பக்கம் மண் ஒரு முழம் உசந்து, படிக்கட்டு போல நின்றது.

"ஏனு சுவாமி, என்ன பாக்கறீங்க?" என்று வந்தார் ஒரு பெரியவர். மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு லோடு கொண்டுபோய்க் கற்ற தமிழ்.

"இது என்ன புல்லுங்க ஐயா?"

"லாவஞ்ச. உங்க ஊர்ல வெட்டிவேர்னு சொல்வீங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெட்டிவேர் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் பானைத் தண்ணீர், விசிறி, சாமிக்கு மாலை. கடலூர்ப் பக்கம் மணல் பூமியில் பயிர் செய்து, தோண்டி எடுத்து, எண்ணெய் வடித்து விற்பார்கள். பெயரிலேயே 'வெட்டு' இருக்கிறதே! இங்கிலீஷ்காரனும் நம் தமிழ்ப் பெயரைத்தான் 'வெட்டிவர்' என்று வைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் இந்த ஊரில் அதை வெட்டுவதில்லை. வெட்டாமல் விட்டதில்தான் லாபம்.

"எங்க தாத்தா நட்டது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நடுவுல எல்லை. சர்வே கல்லுன்னா ராத்திரியோட ராத்திரியா நகரும். இது நகராது!"

விஷயம் அதேதான். இந்த வகை வெட்டிவேர் விதை போட்டுப் பரவுவதில்லை. வேரும் பக்கத்தில் ஓடிப் பயிரின் சாப்பாட்டில் கை வைக்காமல், நேராகக் கீழே பத்தடி வரைக்கும் இறங்கும். பங்காளிச் சண்டைக்கு வைத்த புல், போனஸாக மண்ணையும் பிடித்து வைத்துக்கொண்டது.

பிற்பாடு தேடிப் படித்ததில், ஜான் கிரீன்ஃபீல்ட் என்பவர் 1950களிலேயே ஃபிஜி தீவுக் கரும்புத் தோட்டங்களில் இதை நட்டு மண்ணைக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. 1980களில் அவரும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் உலக வங்கி சார்பில் இந்தியாவில் இதைப் பரப்பினார்கள். 1993-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டது. குண்டலுப்பேட்டைக்காரர்களோ, அதற்கெல்லாம் முன்பே தலைமுறை தலைமுறையாக இதை வரப்பில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்!

எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை உண்டு. பென்னாகரம் பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்கொல்லை. மானாவாரி ராகி, நிலக்கடலை. வருஷா வருஷம் மேல்மண் அடித்துக்கொண்டு போய், கீழே கல் பல்லைக் காட்டுகிறது. பி.காம். படித்த எனக்கு மெஷினுக்கு எவ்வளவு தேய்மானம் போட வேண்டும் என்று தெரியும். மண்ணுக்கும் தேய்மானம் உண்டு என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை. போன மூலதனம் திரும்பி வராது. கடன் வாங்கி ஜே.சி.பி. வைத்து அப்பா போட்ட மண்வரப்பு, ஒரே ராத்திரி மழையில் உடைந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, "வித்துடலாமாடா?" என்று கேட்டார்.

பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"வரப்பு போட்டு மறிச்சா, தண்ணிக்கு ரோஷம் வந்து உடைக்கும். புல்லு மறிக்காது. 'மெதுவாப் போ'ன்னு சொல்லும். தண்ணி சந்துல வடிஞ்சு போயிடும், மண்ணு மட்டும் தங்கிடும்."

நம்ம ஊரில் நோஞ்சானைப் 'புல் தடுக்கிப் பயில்வான்' என்று கிண்டல் செய்வோம். இங்கே மழையே புல் தடுக்கி நிற்கிறது!

பஸ் ரெடியானபோது என் கையில் ஒரு சாக்குப் பை. உள்ளே வேரோடு நாலு தூர். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

கிணற்றடியில் வைத்துப் பெருக்கி, அடுத்த ஆடியில் தூர் பிரித்து நட்டோம். சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து, அரைச் சாணுக்கு ஒன்று. அப்பா முணுமுணுத்தார்: "புல்லைப் புடுங்கத்தான்டா கூலி குடுப்பாங்க. நடறதுக்கா?"

வரிசை கடைசியில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. யாருக்குத் தெரியப்போகிறது என்று முழத்துக்கு ஒன்றாக நட்டுவிட்டேன். மழைக்குத் தெரிந்துவிட்டது! ஐப்பசி மழையில் சரியாக அந்த இடைவெளியில் புகுந்து ஓடை வெட்டிவிட்டது. ஒரு ஓட்டை விட்டாலும் மொத்தத் தண்ணீரும் அங்கேதான் வரும். அப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாளே குனிந்து உட்கார்ந்து, அந்தச் சந்தையெல்லாம் அவரே அடைத்தார்.

புல் கூடி வேலியாக மூன்று மழைக்காலம் ஆயிற்று. விற்கிற பேச்சு இப்போது இல்லை.

போன வாரம் போனில் கேட்டேன், "அங்க மழை எப்படிப்பா?"

"வந்துச்சு, போச்சு. மண்ணு இருக்கு."