மணப்பரிசாக வந்த வார இதழ்

நம் இல்லத் திருமணங்களில் கட்டில், பீரோ, பாத்திர பண்டங்கள் என எத்தனையோ பொருள்கள் அன்பளிப்பாக வந்து குவிகின்றன. 1920ஆம் ஆண்டில் அமெரிக்கத் தந்தை ஒருவர் தம் மகனுக்கும் மருமகளுக்கும் அளித்த அன்பளிப்போ விந்தையானது. அது ஒரு வாரச் செய்தித்தாள்! அதன் வரலாற்றைச் சொல்லுமுன், அது பிறந்த தீவைச் சற்றே சுற்றி வருவோம்.

அமெரிக்காவின் வடகிழக்கில், மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிடக்கிறது மார்த்தாஸ் வின்யர்ட் என்னும் தீவு. வுட்ஸ் ஹோல் துறையில் கப்பலேறினால் முக்கால் மணி நேரத்தில் அக்கரை சேரலாம். பரப்பு ஏறத்தாழ 100 சதுர மைல், ஊர்கள் ஆறு. மேற்குக் கோடியில் பல நிறக் களிமண் குன்றுகள். தீவின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். கிழக்கே எட்கர்டவுன் துறைமுகம். திமிங்கில வேட்டையில் பொருளீட்டிய கப்பல் தலைவர்கள் கட்டிய வெண்ணிற மரவீடுகள் அவ்வூர்த் தெருக்களுக்கு இன்றும் அழகூட்டுகின்றன.

இங்குதான் 1846 மே 14ஆம் நாள் எட்கர் மார்ச்சன்ட் என்பவர் ‘வின்யர்ட் கெஸட்’ வார இதழைத் தொடங்கினார். திமிங்கிலம் தேடிப் புறப்பட்ட கப்பல்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்தே கரை திரும்பிய காலம் அது. கணவர் கடல் கடந்து சென்றிருக்கும் வீட்டில் ஒரு வரிச் செய்தியின் அருமை என்ன என்பதை நம் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1920இல் இவ்விதழ் ஹென்றி பீட்டில் ஹஃப், எலிசபெத் தம்பதியரிடம் வந்தது. ஹென்றியின் தந்தை, நியூ பெட்ஃபோர்டு நகர நாளிதழின் ஆசிரியர். ஹென்றியோ இருபத்திரண்டு வயதுக்குள் புலிட்சர் பரிசில் பங்கு பெற்றவர். பெருநகரப் பத்திரிகைகளில் புகழ் தேடியிருக்கலாம். ஆயினும் கணவனும் மனைவியுமாக இச்சிற்றூர் இதழையே வாழ்நாட் பணியாக ஏற்றனர். பிறப்பும் இறப்பும், மீன்பாடும் ஊர்க்கூட்டமும் அவர்கள் கையில் மதிப்புடைய செய்திகளாயின.

அவர்கள் எழுத நேர்ந்தவற்றுள் ஒன்று நெஞ்சை விட்டகலாதது. ஹீத் கோழி என்றொரு காட்டுக்கோழி முன்னாளில் அமெரிக்கக் கிழக்குக் கரையோரத்தில் பெருந்தொகையாக வாழ்ந்தது. வேட்டையால் அழிந்து அழிந்து, 1870 அளவில் இத்தீவில் மட்டுமே எஞ்சியது. 1908இல் அதற்கெனக் காப்பகம் ஒன்றை அமைத்தனர். தொகை பெருகியது. ஆனால் 1916இல் பெருந்தீ; தொடர்ந்து கடுங்குளிரும் வல்லூறுகளும் நோயும். 1928 முடிவில் எஞ்சியது ஒரே ஒரு சேவல்! துணையின்றித் திரிந்த அதனைக் கடைசியாக மனிதர் கண்டது 1932 மார்ச் 11ஆம் நாள். மறு வசந்தத்தில் அது வரவில்லை. 1933 ஏப்ரல் 21ஆம் நாளிட்ட ‘கெஸட்’, ஊர்ப் பெரியவர் ஒருவர் மறைந்தாற்போல் அப்பறவையினத்துக்கு இரங்கலுரை எழுதியது.

இரங்கல் எழுதுவதோடு ஓர் ஆசிரியரின் கடமை முடிந்துவிடுமா? முடியாது என்பதற்கு அத்தம்பதியரின் பிற்காலச் செயலே சான்று. எட்கர்டவுனில் ஒரு சிறு குளத்தையும் அதன் புல்வெளியையும் காக்க, அந்நிலத்தைத் தாமே வாங்கினர். நாம் வக்ஃபு செய்வதுபோல், 1959இல் ‘ஷெரிஃப்ஸ் மெடோ’ அறக்கட்டளையை நிறுவி அதனிடம் ஒப்படைத்தனர். அன்று ஏறத்தாழ 10 ஏக்கர்; இன்று அவ்வறக்கட்டளையின் காப்பில் இருப்பது ஈராயிரம் ஏக்கருக்கும் மேல்!

எலிசபெத் 1965இல் மறைந்தார். 1968இல் இதழ் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனிடம் கைமாறியது. ஹஃப் மட்டும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1985இல், 88ஆம் வயதில் உயிர் பிரியும்வரை அப்பணி தொடர்ந்தது. 2010இல் மீண்டும் கைமாறியும், ‘கெஸட்’ இன்றும் வெள்ளிதோறும் வெளிவருகிறது. தீவின் நடுவேயுள்ள காட்டில் ஹீத் கோழிக்கு ஒரு வெண்கலச் சிலையும் உண்டு.

அன்பு வாசகர்களே! நம் ஊரிலும் ஒன்றே ஒன்றாய் எஞ்சி நிற்பவை சில இருக்கும். ஒரு பழைய குளம், ஒரு கைத்தொழில், பழங்கதை அறிந்த ஒரு மூதாட்டி. அவற்றைக் குறித்து எழுதப் போவது வரலாறா, இரங்கலுரையா? விடை இன்று நம் கையில் இருக்கிறது.