மெரானோ பக்கத்து இருண்ட பீர்

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு டோப்பல்பாக் என்னும் இருண்ட, கனத்த பீரை மடமடவென்று குடிப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்காது. 4 டிகிரி குளிரில் அந்தப் பீரின் மணம் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். நாக்குக்கு எட்டுவது குளிர்ச்சியும் கொஞ்சம் இனிப்பும்தான். பார்லியை முளைகட்டி, உலர்த்தி மால்ட்டாக்கி, காய்ச்சி, வாரக்கணக்கில் முதிரவைத்த உழைப்பெல்லாம் வீணாகிறது. பீர் காய்ச்சுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது பொறுக்காது.

நான் இங்கே சொல்ல வந்தது ஃபோர்ஸ்ட் ஆலையின் சிக்ஸ்டுஸ் என்ற டோப்பல்பாக் பற்றி. வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைச்சரிவில், மெரானோ நகரத்தை ஒட்டிய லகுண்டோவில் 1857-இல் தொடங்கிய ஆலை அது. அப்போது அந்த நிலம் ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919 உடன்படிக்கையின்படி இத்தாலி வசமானது. இன்றும் அங்கே பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஜெர்மன்தான். ஆகவே இருண்ட, மால்ட் மிகுந்த இந்தப் பீர்வகை அந்த மண்ணுக்கு விருந்தாளி அல்ல, வீட்டுப் பிள்ளை.

கிண்ணத்தில் ஊற்றும்போது முதலில் கறுப்பாகத் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓரங்களில் செம்மை ஊடுருவும். நுரை வெண்மை அல்ல, பழுப்பேறிய தந்த நிறம். 10 டிகிரி சூட்டை நெருங்கும்போது மூக்கை வைத்துப் பாருங்கள். கருப்பட்டிப் பாகு கம்பிப்பதத்துக்கு வரும்போது அடுப்படி முழுக்கப் பரவுமே, அந்த மணம்தான் முதலில் எழுகிறது. அதன் பின்னால் ரொட்டியின் சிவந்த மேல்தோல், உலர்ந்த அத்தி, லேசான கொட்டைப்பருப்பு. காப்பிக் கசப்போ தீய்ந்த வாடையோ இருக்கக் கூடாது. இருந்தால் அது வேறு வகை பீர். வாயில் கனமாக இறங்குகிறது, ஆனால் பிசுபிசுக்கவில்லை. 6.5 சதவீத ஆல்கஹால் தொண்டைக்குக் கீழே இளஞ்சூடாகத் தெரிகிறது, எரிக்கவில்லை. இனிப்பு நாக்கில் தங்கிவிடாமல் கடைசியில் வறண்டு முடிகிறதே, அதுதான் எனக்கு இந்தப் பீரில் மிகப் பிடித்த இடம்.

அந்த வறட்சியைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும். இவ்வகைக்கு உயிர் மியூனிக் மால்ட். சாதாரண வெளிர் மால்ட்டை 80 டிகிரியைச் சற்றே தாண்டிய சூட்டில் உலர்த்தினால், இதை 100 டிகிரிக்கு மேல் கொண்டுபோவார்கள். அந்தச் சூட்டில் தானியத்தின் சர்க்கரையும் புரதக்கூறுகளும் வினைபுரிந்து நிறமும் மணமும் பிறக்கின்றன. பழைய முறையில் மால்ட்டுக் கூழில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவிட்டு மீண்டும் பெரிய கலத்தில் சேர்ப்பார்கள். நேரமும் விறகும் தின்னும் வேலை. நான் இன்றும் அதை விடவில்லை. அந்தக் கொதியில் வரும் ஆழம் நிறமூட்டும் மால்ட்டை அள்ளிப் போட்டால் வராது. பிறகு ஈஸ்ட் 10 டிகிரிக்குப் பக்கத்தில் மெதுவாக நொதிக்க வேண்டும், அதன்பின் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் அமைதியாகக் கிடக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் வெண்ணெய் வாடை தங்கிவிடும், இனிப்பு முழுதாகக் கரையாது. கசப்பூட்டும் ஹாப், இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போதும். அது முன்னால் வந்து நிற்கக் கூடாது.

டோப்பல்பாக் பிறந்தது மியூனிக்கில், பாவுலானர் துறவிகளின் மடத்தில். அவர்கள் சபையை நிறுவிய புனிதர் பிரான்சிஸ், தென் இத்தாலியில் கலாப்ரியாவின் பாவோலா ஊர்க்காரர். இறைச்சி, முட்டை, பால் எதையும் ஆண்டு முழுக்கத் தொடுவதில்லை என்பது அச்சபையின் விரதம். அப்படிப்பட்டவர்களுக்குத் தவக்காலத்தில் தெம்பு கொடுத்தது இந்தக் கனத்த பீர். இத்தாலியர் ஒருவர் வகுத்த விரதத்திலிருந்து வந்த பானத்தை இத்தாலிய ஆலை காய்ச்சுவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஜெர்மன் மரபில் டோப்பல்பாக்கின் நொதிக்காத சாறு 18 டிகிரி பிளேட்டோவைத் தொட வேண்டும். அதாவது 100 கிராம் சாற்றில் 18 கிராம் கரைபொருள். இத்தாலியச் சட்டமோ 14.5 டிகிரியிலேயே 'டோப்பியோ மால்ட்டோ' என்று எழுத அனுமதித்தது. இதனால் இத்தாலியப் பீர்களைத் தாழ்வாகப் பேசுவோர் உண்டு. நான் ஒப்பவில்லை. சாற்றின் அடர்த்தி குறைந்தாலும் மால்ட்டின் ஆழம் குறையாமல் காய்ச்ச முடியும், சிக்ஸ்டுஸ் அதைக் காட்டுகிறது. உதினே நகரில் 1859-இல் தொடங்கிய மொரெத்தி ஆலையின் லா ரொஸ்ஸா 7.2 சதவீதம்; நிறம் செம்பு, இனிப்பு கூடுதல், துணிச்சலான பீர். இருந்தும் இரண்டில் ஒன்றைக் கேட்டால் என் கை சிக்ஸ்டுஸுக்கே போகும், அந்த வறண்ட முடிவுக்காக.

புட்டியை வாங்குமுன் தேதியைப் பாருங்கள். பழசானால் நனைந்த அட்டை வாடை வரும். வெயில் படாமல் வையுங்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் கழித்து, வாய் குவிந்த கிண்ணத்தில் ஊற்றுங்கள். புகையூட்டிய இறைச்சியோ, மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சியோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிண்ணம் போதும், நிதானமாகக் குடியுங்கள்.