காலின் பிழையா, கம்பியின் பிழையா?

எழுபத்தொன்பது வயதான எங்கள் தந்தையாரிடமிருந்து கார்ச் சாவியை நாங்கள் வாங்கிக்கொண்டது ஒரு மார்கழி மாதக் காலைப்பொழுதில். வாங்கிக்கொண்டோம் என்பது மரியாதைக்காக எழுதும் சொல். உண்மையில் பறித்துக்கொண்டோம்.

கோவை கணபதியில் நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறை நடத்தியவர் அவர். பெட்ரோலைவிட டீசல் மலிவாயிருந்த 1991-இல், ஐந்தாண்டு ஓடிய டீசல் அம்பாஸடர் ஒன்றை வாங்கினார். கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அந்தக் கார்களின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. எங்கள் வீட்டுக் கார் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது. 1920-இல் ஜி.டி.நாயுடு ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தொழில் தொடங்கிய கொங்கு மண்ணில், பழைய இயந்திரத்தைப் பேணி வைத்துக்கொள்வதைக் கஞ்சத்தனம் என்று எவரும் சொல்வதில்லை.

அன்று காலை சந்தைக்குப் போய்த் திரும்பியவர், வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது அது திடீரெனச் சீறிப் பாய்ந்து சுற்றுச்சுவர்த் தூணில் மோதி நின்றது. பேரனின் மிதிவண்டி நசுங்கிக் கிடந்தது. தண்ணீர் குடிக்கப் பிள்ளை உள்ளே சென்று ஒரு நிமிடங்கூட ஆகியிருக்கவில்லை.

“காலை எடுத்துட்டேன் கண்ணு, வண்டிதான் விடலை” என்றார் தந்தையார்.

நாங்கள் மூன்று பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிரேக் என்று நினைத்து மற்ற மிதியை மிதித்திருக்கிறார், வயதாகிவிட்டது, வேறென்ன? அவர் வாதாடவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார். அதன்பின் பத்து நாள்களாக அவர் வண்டிப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்து, எங்களுள் இளையவர் அதனைத் திருச்சி சாலை வழியே ஓட்டிச் சென்றார். சிங்காநல்லூரை நெருங்கும்போது காலை எடுத்தார். வண்டி வேகம் குறையவில்லை. கிளட்சை மிதித்ததும் சக்கரங்களுக்குச் செல்லும் விசை அறுந்தது. இன்ஜின் மட்டும் அலறியது. சாவியைத் திருப்பினார், அப்போதும் நிற்கவில்லை. எங்கள் வண்டி போன்ற பழைய டீசல் கார்களில் சாவிக்கும் இன்ஜினின் ஓட்டத்துக்கும் தொடர்பில்லை. எரிபொருளை நிறுத்துவதற்கென்று தனியே ஓர் இழுப்புக் குமிழ் உண்டு. தந்தையார் என்றோ சொல்லித்தந்த அக்குமிழ் நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. இழுத்தார், இன்ஜின் அடங்கியது. வண்டியைச் சாலையோரம் நிறுத்தியபோது அவருடைய கைகள் நடுங்கின. தந்தையார் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை என்பது அந்த இடத்தில்தான் விளங்கியது.

அருகிலிருந்த பட்டறையின் முதியவர் நிதானமாகச் சோதித்தார். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்திச் சூடேற்றி, அதில் எரிபொருளைத் தெளிப்பதே அதன் இயல்பு. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய முறை அது. எவ்வளவு எரிபொருள் செல்கிறதோ அவ்வளவு வேகம். எனவே ஆக்சிலரேட்டர் மிதியின் கேபிள் டீசல் பம்பின் லீவரையே இழுக்கிறது. முதியவர் இன்ஜினை நிறுத்தி, கேபிளின் முனையைப் பம்பிலிருந்து கழற்றினார். லீவரைக் கையால் தள்ளிவிட்டார். அது ‘டக்’கென்று திரும்பியது. ஆகவே பம்பிலும் ஸ்பிரிங்கிலும் குறையில்லை. அடுத்துக் கேபிளை இழுத்தார். பாதி வழியில் கரகரத்து நின்றது. உறையிலிருந்து உருவிப் பார்த்தபோது, உள்கம்பியின் மூன்று இழைகள் அறுந்து முள்ளாய் நின்றிருந்தன. பழைய கிரீஸ் பிசினாய் இறுகியிருந்தது. மார்கழிக் குளிரில் அது மேலும் கெட்டிப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு, நாங்களே வாங்கிப் போட்ட தென்னை நார் விரிப்பின் ஓரம் சுருண்டு மிதியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“பெரியவரு கால் மேல குத்தமில்லீங்க, கம்பி மேலதானுங்க” என்றார் முதியவர். எண்ணெய் விட்டால் போதாதா என்று கேட்டோம். “நாலு நாளைக்கு ஓடும், அப்புறம் நடுரோட்டுல காட்டிக்குடுக்குமுங்க” என்றார். புதிய கேபிளைக் கூர்மையான வளைவு விழாதபடி பொருத்தினார். சற்றே தளர்வு விட்டார். மிதியின் கீலுக்கும் எண்ணெயிட்டார். இன்ஜின் சூடான பின்னும் லீவர் முழுதும் திரும்புகிறதா என்று பார்த்தார். விரிப்பைச் சுருட்டி எங்கள் கையில் கொடுத்தார். வண்டியைச் செய்தவர்கள் மீது பிழையில்லை. அதனை ஆண்டுக்கொரு முறையேனும் கழற்றிப் பாராத எங்கள் வீட்டின் பிழை அது.

எங்கள் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதும் அன்று. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை, மிதி மாறி மிதித்ததே பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என 1989-இல் கூறியது. ஆயினும் 2009, 2010 ஆண்டுகளில் டொயோட்டா நிறுவனம், தரைவிரிப்பில் மிதி சிக்குவதாலும் மிதியே ஒட்டிக்கொள்வதாலும் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. இரண்டும் நிகழக்கூடியவையே. எது நிகழ்ந்தது என்பதை அறிய அந்தக் கேபிளைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். முதியவருக்கு அதற்கு அரைமணி நேரமே ஆயிற்று. எங்களுக்கோ பத்து நாள்களாகியும் அது தோன்றவில்லை.

மாலையில் மூவரும் திண்ணைக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தேடிக்கொண்டு நின்றோம். தந்தையார் எங்கள் முகத்தைப் பாராமல், “கம்பியைக் காட்டுங்க” என்றார். அறுந்த இழைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். “வருசா வருசம் நான் பார்த்திருக்கோணும். என் மேலயும் குத்தமிருக்குது” என்றார். எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறன்று எங்களை ஏற்றிக்கொண்டு, அவிநாசி சாலையில் கருமத்தம்பட்டி வரை அவரே ஓட்டிச்சென்று திரும்பினார். புறப்படுமுன் பானெட்டைத் திறந்து, லீவரை விரலால் தள்ளிவிட்டு அது திரும்புவதைப் பார்த்துக்கொண்டார். வீடு சேர்ந்ததும் சாவியைத் தாமே எங்கள் கையில் வைத்தார். “இருட்டுனா கண்ணு சரியாத் தெரியறதில்லை. இனி நீங்களே ஓட்டுங்க” என்றார்.

அதே சாவிதான். நாங்கள் பறித்தபோது இல்லாத கனம் இப்போது அதில் இருந்தது.