அப்பா கீழே போட்ட பறை

திருச்சுழிப் பக்கம் நான் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருத்தி, போன வாரம் செல்போனில் ஃபெலா குட்டியின் பாட்டைப் போட்டுவிட்டு, காலிக் குடத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் நைஜீரியாக்காரர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. "நம்ம கொட்டு மாதிரியே இருக்குல்லக்கா?" என்றாள்.

இருக்கத்தான் செய்கிறது. ஃபெலாவின் டிரம்மர் டோனி ஆலன் ஒரு தாளத்தைப் பிடித்தால் சுற்றிச் சுற்றி அதிலேயே நிற்பார். பல நிமிடம் கழித்துத்தான் குரல் வரும். நம் ஆட்களும் அப்படித்தான். ஒருவர் அடியை விடாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அதன்மேல் ஏறி விளையாடுவார்கள். உடனே பறை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று கிளம்பிவிடாதீர்கள் தோழர்களே. அதற்கு வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருக்கத் தடைச்சட்டம் வந்தது. தாளம் கைதட்டலுக்கும் காலடிக்கும் இடம் மாறிப் பிழைத்தது. அந்த மக்களின் பிள்ளைகள் உண்டாக்கிய ஜாஸும் ஃபங்க்கும் கடல் தாண்டித் திரும்பி, லாகோஸில் உள்ளூர்த் தாளத்தோடு கலந்ததுதான் ஃபெலாவின் ஆஃப்ரோபீட். ராணுவத்தைக் கேலி செய்து பாடிய அவர் வீட்டை 1977இல் சிப்பாய்கள் எரித்தார்கள். அவர் தாயை ஜன்னல் வழியே வெளியே வீசினார்கள்.

அங்கே முரசைப் பிடுங்கினார்கள். இங்கே நம் கையில் திணித்தார்கள். ஊருக்குள் சாவு விழுந்தால் சேரியிலிருந்து போய் அடித்தே ஆகவேண்டும், கொடுத்ததுதான் கூலி. என் அப்பா இருபது வயதில் பறையைக் கீழே போட்டுவிட்டு, அருப்புக்கோட்டைக்குத் தறி ஓட்டப் போனார். பரணில் கிடந்த அந்தத் தோலை எலி கடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறிய வீடியோவை அப்பாவுக்குக் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோதும் அப்படித்தான். விருது வந்த பிறகும் இழவுக்கு ஆள் கேட்டு எங்கள் தெருவுக்கு வருவது நிற்கவில்லையே.

"பறை கத்துக்கவாக்கா?" என்று அந்தத் தங்கை கேட்டதை அவரிடம் சொன்னேன்.

"கத்துக்கிறட்டும். எவனாவது வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டா மட்டும் போகக் கூடாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு வருகிறார். தோல் காய்ச்சப் பனையோலை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.